எவரேனும் ஓர் அதிகாரி

கடிதம் எழுதும் வழக்கமே நம் நாட்டில் ஒழிந்துவிட்டது, ஒழிந்துபோன ஒன்றுக்காக இவ்வளவு ஆத்திரம் எதற்கு என்று கேட்கும் அன்பர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஒழியவில்லை. காதல் கடிதமும், புக்ககத்திலிருந்து பெண் எழுதும் கண்ணீர்க் கடிதமும் வேண்டுமானால் கைத்தொலைபேசிக்குள் போய்ப் புகுந்துகொண்டிருக்கலாம். ஆனால் வக்கீல் நோட்டீஸ் தபாலில்தான் வருகிறது. பாஸ்போர்ட் தபாலில் வருகிறது. பாங்குக்காரர்கள் அனுப்பும் அட்டையும் பெரும்பாலும் தபாலில்தான் வருகிறது. தகவல் உரிமைச் சட்டப்படி இலாகாவைக் கேள்வி கேட்கிறவன் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரை இணைத்துத் தபாலில் போடுகிறான். தேர்தல் வேலைக்குப் போகிற உத்தியோகஸ்தர்களின் ஓட்டுக்குப் பெயரே தபால் ஓட்டு. மேலதிகாரியின் பேரில் புகார் எழுதுகிற சின்ன உத்தியோகஸ்தன் அதை மின்னஞ்சலில் அனுப்புவானா என்று நீங்களே சொல்லுங்கள்.

பொன்மலை ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். பென்ஷன் கணக்கில் ஏதோ சில்லறைப் பாக்கி. அதற்காக அவர் அனுப்பிய தபால்களின் ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வருஷ வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். "நேர்ல போனா, நாளைக்கு வாங்க பெரியவரேம்பான். தபால்ல போட்டா அவனுக்கு ஒரு நம்பர் விழுந்துடும் சார். அதுக்கு அவன் பதில் சொல்லித்தானே ஆகணும்?" என்பார். பதிவுத் தபால் என்று ஒன்று தனியாக இருந்ததை 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அதில் அவருக்கு மிகுந்த வருத்தம். ஆனால் அவர் வருத்தப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது. அது அவருக்கு மட்டுமல்ல, நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை.

1898-ம் வருஷத்து வெள்ளைக்காரன் காலத்துத் தபால் சட்டத்தை ரத்துச் செய்து, 2023-ல் புதிய சட்டம் ஒன்றைப் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. 2024 ஜூன் 18-ந் தேதி முதல் அது அமலில் இருக்கிறது. சின்னச் சட்டம், ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் வாசித்துவிடலாம். அதில் 9-வது பிரிவு என்ன சொல்லுகிறது என்றால்: ராஜ்யத்தின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் சிநேகம், பொது அமைதி, அவசர நிலைமை, பொதுஜனப் பாதுகாப்பு ஆகியவற்றின் பொருட்டு, அல்லது இந்தச் சட்டமோ அமலில் உள்ள வேறு எந்தச் சட்டமோ மீறப்பட்டால், தபாலில் போய்க்கொண்டிருக்கும் எந்தப் பொருளையும் வழிமறிக்கவும், பிரிக்கவும், நிறுத்தி வைக்கவும் எந்த அதிகாரிக்கும் மத்திய சர்க்கார் ஓர் அறிவிப்பின் மூலம் அதிகாரம் கொடுக்கலாம்.

எந்த அதிகாரிக்கும்! எந்தப் பதவியில் உள்ளவர், எத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்தவர், எந்த இலாகா, எவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று கிடையாது. எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம் என்று கிடையாது. பிறகு மேலே ஒருவர் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கிடையாது. "உம்முடைய கடிதத்தைப் பிரித்தோம்" என்று உரியவருக்கு என்றைக்காவது சொல்ல வேண்டுமா? அதுவும் கிடையாது.

"வேறு எந்தச் சட்டமும்" என்பது எவ்வளவு பெரிய வலை என்று சற்று யோசித்துப் பாருங்கள். ரயில்வே பிளாட்பாரத்தில் எச்சில் துப்புவது சட்ட மீறல். முனிசிபாலிடியின் அனுமதி இல்லாமல் மொட்டை மாடியில் ஓர் அறை கட்டுவது சட்ட மீறல். ராஜ்யத்தின் பாதுகாப்பையும் மொட்டை மாடி அறையையும் ஒரே வாக்கியத்தில், ஒரே தராசில், ஒரே தண்டனைக்கு வைத்திருக்கிறார்கள். தண்டனை என்று சொன்னதை வாசகர்கள் மன்னிக்க வேண்டும். ஒருவன் அந்தரங்கமாக எழுதியதை முன்பின் தெரியாதவன் பிரித்துப் படிப்பதைத் தண்டனை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்லுவது?

இனி வேடிக்கையைக் கேளுங்கள். இந்தத் தபால் சட்டம் 2023-ம் வருஷத்தின் 43-வது சட்டம். அதற்கு அடுத்தது, 44-வது, தொலைத்தொடர்புச் சட்டம். இரண்டுக்கும் ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது ஒரே நாள், டிசம்பர் 24. தொலைத்தொடர்புச் சட்டத்திலும் ஒட்டுக் கேட்க அதிகாரம் உண்டு. ஆனால் அங்கே பொது அவசர நிலைமை ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது பொதுஜனப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். சர்க்காரோ, அதற்கென்று விசேஷமாக நியமிக்கப்பட்ட அதிகாரியோதான் உத்தரவு போடலாம். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். விதிகளில் சொல்லும் நடைமுறைக்கும் பாதுகாப்புக்கும் கட்டுப்பட வேண்டும். அந்தப் பாதுகாப்பும் சர்க்கார் தானாகக் கொடுத்ததல்ல. 1996-ல் சுப்ரீம் கோர்ட் டெலிபோன் ஒட்டுக் கேட்பு வழக்கில் உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும், பரிசீலனைக் குழு வேண்டும் என்று கட்டளையிட்டு வாங்கிக் கொடுத்தது. நமது சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலையில் ஒரு தீர்ப்புச் சொன்னார். லஞ்ச வழக்கு ஒன்றில் குற்றம் கண்டுபிடிப்பதற்காக ஒருவருடைய டெலிபோனை ஒட்டுக் கேட்க 2011-ல் போட்ட உத்தரவு செல்லாது. இரகசியமாகக் குற்றம் துப்பறிவது பொது அவசரமும் ஆகாது, பொதுஜனப் பாதுகாப்பும் ஆகாது என்பது அதன் சாரம். அந்த மனிதர் டெலிபோனில் பேசியதால் பிழைத்தார். அதே விஷயத்தை இன்று கடிதத்தில் எழுதி உறையில் ஒட்டிப் பெட்டியில் போட்டிருந்தால், "வேறு எந்தச் சட்டமும்" என்ற வலையில் விழுந்திருப்பார்.

இதோடு முடியவில்லை. அதே வருஷத்தின் 46-வது சட்டம், குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டம். அதில் 95-வது பிரிவு, பழைய நடைமுறைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்தது. கொலை வழக்கைத் துப்பறிகிற போலீஸ் அதிகாரிக்குத் தபால் ஆபீஸில் உள்ள ஒரு கடிதம் வேண்டுமென்றால் ஜில்லா மாஜிஸ்டிரேட்டோ, தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்டிரேட்டோ, செஷன்ஸ் கோர்ட்டோ, ஹைகோர்ட்டோ உத்தரவு போட வேண்டும். போலீஸ் சூப்பிரண்டெண்டே ஆனாலும், அந்த உத்தரவு வரும் வரையில் கடிதத்தைத் தேடி நிறுத்தி வையுங்கள் என்று சொல்லலாமே ஒழிய, பிரிக்கச் சொல்ல முடியாது. ஆக, கொலைகாரனின் கடிதத்துக்கு மாஜிஸ்டிரேட் காவல் இருக்கிறார். நம் பிட்டரின் பென்ஷன் மனுவுக்கு ஒருவரும் இல்லை. இந்த மூன்று சட்டங்களையும் ஒரே பார்லிமெண்ட், ஒரே மாதத்தில் நிறைவேற்றியது என்பதை நினைக்கும்போது, ஒன்றை எழுதியவர்கள் மற்றொன்றை வாசித்தார்களா என்ற சந்தேகம் தோன்றுகிறது. வாசிக்கச் சந்தர்ப்பம் இருந்ததா என்பதும் சந்தேகமே. தபால் மசோதா லோக் சபையில் நிறைவேறிய தினம் 2023 டிசம்பர் 18. அன்று ஒரே நாளில் லோக் சபையில் 33 பேரும் ராஜ்ய சபையில் 45 பேரும் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். கூச்சலுக்கு நடுவே மசோதா கரை சேர்ந்தது.

வெள்ளைக்காரன் சட்டம் மட்டும் யோக்கியமாக இருந்ததா என்று கேட்கலாம். இல்லை. அதன் 26-வது பிரிவும் கடிதங்களை வழிமறிக்க அதிகாரம் கொடுத்தது. அவசர நிலைமை இருக்கிறதா என்ற சந்தேகம் எழுந்தால் சர்க்காரின் சர்ட்டிபிகேட்டே முடிந்த முடிவு என்றும் சொன்னது. அதை எடுத்து எறிய வேண்டியதுதான். ஆனால் அந்த வெள்ளைக்காரன் சட்டத்தில் 53-வது பிரிவு என்று ஒன்றும் இருந்தது. கடமைக்கு மாறாக ஒரு கடிதத்தைப் பிரிக்கிற, நிறுத்தி வைக்கிற தபால் சிப்பந்திக்கு இரண்டு வருஷம் வரை ஜெயில். 2023 ஆகஸ்டில் சட்டமான ஜன் விஸ்வாஸ் சட்டம், பழைய தபால் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் அத்தனையையும் மொத்தமாகத் துடைத்தது. ஜன் விஸ்வாஸ் என்றால் மக்கள் மீது நம்பிக்கை என்று பொருளாம். புதிய தபால் சட்டத்தில் அனுமதியின்றிக் கடிதம் பிரிப்பதற்குத் தண்டனை என்று ஒரு வரி கிடையாது. மாறாக 10-வது பிரிவு, மோசடியாகவோ, வேண்டுமென்றே நஷ்டமோ தாமதமோ தவறான பட்டுவாடாவோ விளைவித்தாலொழியத் தபால் அதிகாரிக்குப் பொறுப்பில்லை என்று அபயம் அளிக்கிறது. அந்தப் பட்டியலில் பிரித்துப் படிப்பது இல்லை. பிரித்துப் படித்துவிட்டு ஒழுங்காக ஒட்டி, நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் நஷ்டமும் இல்லை, தாமதமும் இல்லை, பட்டுவாடாவும் சரி! இலாகா நடவடிக்கை உண்டு என்று சமாதானம் சொல்லுவார்கள். நம் ஊரில் இலாகா நடவடிக்கை எப்படி நடக்கும் என்பது இலாகாவில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் தபால் கட்டணப் பாக்கி வைத்தால் மட்டும், நில வரிப் பாக்கி போல வசூலிக்க அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

பிரித்துப் படித்து, நகல் எடுத்துக்கொண்டு, ஒட்டிச் சேர்ப்பிப்பது என் கற்பனை அல்ல. பொன்மலையின் கதை அதோடு பின்னிக் கிடக்கிறது. 1924-ம் வருஷத்துக் கான்பூர் சதி வழக்கின் முக்கிய சாட்சியம் என்ன? வழிமறித்த கடிதங்கள். அந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டு, உடல்நலக் குறைவால் விசாரணைக்குப் போகாமல் தப்பியவர் சென்னைச் சிங்காரவேலர். நாலு வருஷம் கழித்து, 1928 ஜூலையில், தென்னிந்திய ரயில்வேயில் பெரிய வேலைநிறுத்தம். நாகப்பட்டினத்துப் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றுகிற சமயத்தில் ஆட்குறைப்பு; அதுதான் தகராறு. அந்த வேலைநிறுத்தத்துக்காக அதே சிங்காரவேலர் சிறைக்குப் போனார். மறு வருஷம் மீரத் சதி வழக்கு. அங்கேயும் கட்டுக் கட்டாகக் கடிதங்கள். தொழிலாளி சங்கம் வைத்தால் அவனுடைய தபாலைப் படிக்க வேண்டும் என்பது அந்தச் சர்க்காரின் சித்தாந்தம். 1946 செப்டம்பர் 5-ந் தேதி பொன்மலைச் சங்கத் திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். இன்றும் அந்தத் தேதியில் அங்கே மாலை சாத்துகிறார்கள்.

அந்த ரயில்வேத் தொழிலாளர்களின் தலைவர்களில் ஒருவர் கே. ஆனந்த நம்பியார். 1946-ல் ரயில்வேத் தொழிற்சங்கத் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்குப் போனவர். பின்னாளில் 1962-லும் 1967-லும் திருச்சியிலிருந்து லோக் சபைக்குப் போனவர். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, நம்முடைய சொந்த சர்க்காரே அவரைத் தடுப்புக் காவலில் வைத்தது. சட்டசபை அங்கத்தினராக இருந்துகொண்டே சிறையில் இருந்த அவர், சபைக்கு எழுதும் கடிதங்கள் விஷயமாகச் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். 1952-ம் வருஷத்துச் சட்ட ஏடுகளில் அந்தத் தீர்ப்பு அச்சேறியிருக்கிறது. அங்கத்தினராக இருக்கும் வரையில் சபாநாயகருக்கும் உரிமைக் குழுத் தலைவருக்கும் எழுத அவருக்கு உரிமை உண்டு. அந்தக் கடிதத்தை நிறுத்தி வைக்க எந்த நிர்வாக அதிகாரிக்கும் உரிமை இல்லை என்று கோர்ட் சொல்லிற்று. அது சட்டசபை அங்கத்தினருக்கு உள்ள விசேஷ உரிமை, சாதாரணக் கைதிக்கு இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தீர்ப்பின் உயிர் எங்கே இருக்கிறது? யாரைப் பற்றிப் புகார் எழுதப்படுகிறதோ அவன் கையிலேயே அந்தப் புகாரைக் கொடுக்கலாகாது என்பதில் இருக்கிறது. இந்த நியாயம் சிறைச் சுவருக்குள் செல்லும், பொன்மலைச் சந்தைத் தெருவில் செல்லாது என்றால், வெளியில் இருப்பதில் என்ன லாபம்?

பொன்மலைக்காரர்களுக்கு இலாகாப் போலீஸ் புதிதல்ல. ஒர்க்ஷாப்பு வாசலில் அவர்கள் தினமும் பார்க்கிறது ரயில்வேப் பாதுகாப்புப் படை. 1957-ம் வருஷத்துச் சட்டத்தில் பிறந்து, 1985-ல் மத்திய சர்க்காரின் ஆயுதப் படையாக உயர்ந்தது. 1966-ம் வருஷத்து ரயில்வே உடைமைச் சட்டத்தின்படி, திருட்டு ரயில்வே சாமான் என்று நியாயமாகச் சந்தேகிக்கக்கூடிய பொருள் ஒருவனிடம் இருந்தால், அது நேர்வழியில் வந்தது என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். கடுமையான சட்டந்தான். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. இந்தச் சட்டப்படி விசாரிக்கும் பாதுகாப்புப் படை அதிகாரி 'போலீஸ் அதிகாரி' அல்ல, ஆகையால் அந்த விதி அவரைக் கட்டாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. போலீஸின் அதிகாரம் உண்டு, போலீஸுக்குப் போட்ட கடிவாளம் இல்லை. இப்படி ஒரு தினுசு அதிகாரியை நம் சட்டம் ஏற்கெனவே பெற்று வளர்த்திருக்கிறது. ஆனாலும் அவருக்குச் சீருடை உண்டு, நெஞ்சில் பெயர் உண்டு, எதைத் தேடலாம் என்பதற்கு எல்லை உண்டு. டிபன் காரியரைத் திறந்து பார்க்கிறவரைத் தொழிலாளி கண்ணால் பார்க்கிறான், "என்னய்யா தேடுறே, குழம்புக்குள்ள போல்ட்டா போட்டு வச்சிருக்கேன்?" என்று கேட்கவும் முடியும். கடிதத்தைத் திறந்து பார்க்கிறவரை யார் பார்த்தார்கள்?

அமெரிக்காவில் தபால் இலாகாவுக்கென்றே சீருடைப் போலீஸ் இருக்கிறது. அங்கே சில வருஷங்களாக நடக்கும் சண்டை நமக்கு நேர் எதிரானது. தபால்காரர்களைத் தெருவில் மடக்கிக் கொள்ளையடிக்கிறார்கள். ஆனால் தபால் போலீஸ் தபால் கட்டடங்களின் எல்லையைத் தாண்டி வேலை செய்யலாகாது என்று 2020 ஆகஸ்டில் இலாகா மேலிடம் சொல்லிவிட்டது. சட்டத்தைத் திருத்தித் தெருவுக்கும் அதிகாரம் கொடு என்று அந்தப் போலீஸ்காரர்களின் சங்கம் கேட்க, காங்கிரஸ் சபையில் மசோதாக்கள் வந்திருக்கின்றன. அந்த மசோதாக்கள் பேசுவது திருடனிடமிருந்து கடிதத்தைக் காப்பதைப் பற்றி. முத்திரையிட்ட உள்நாட்டுக் கடிதத்தைப் பிரிக்க கோர்ட் வாரண்ட் வேண்டும் என்பதை அங்கே 1878-லேயே தீர்த்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1844-ல் இத்தாலிய தேசபக்தர் மாஜினியின் கடிதங்களைச் சர்க்கார் பிரிப்பது வெளியாகி, பார்லிமெண்டில் பெரிய ரகளை நடந்தது. உறைக்குள் கசகசா விதையும் மணலும் போட்டு அனுப்பச் செய்து, அவை காணாமல் போனதைக் கொண்டு மாஜினி கண்டுபிடித்தாராம். நமக்கு அந்தச் சிரமம்கூட வேண்டாம். பிரிப்போம் என்று சட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

கஞ்சாவும் அபினும் பார்சலில் வருகின்றனவே, அதைத் தடுக்க வேண்டாமா என்பது சர்க்கார் தரப்பு நண்பர்களின் கேள்வி. தாராளமாகத் தடுக்கட்டும். அதே 9-வது பிரிவின் கடைசி உட்பிரிவு, தடை செய்த பொருளோ சுங்கம் கட்ட வேண்டிய பொருளோ உள்ளே இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பார்சலைச் சுங்க அதிகாரியிடமோ உரிய அதிகாரியிடமோ ஒப்படைக்க வழி செய்கிறது. அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. மேலும், இந்தச் சட்டம் சர்க்கார் தபாலுக்கு மட்டும்தான். தனியார் கூரியர் கம்பெனிகளைத் தொடவில்லை. கஞ்சா வியாபாரிக்கு இவ்வளவு கூடவா தெரியாது? அவன் தெருக்கோடிக் கூரியர் கடைக்குப் போய்விடுவான். சிவப்புப் பெட்டியை இன்னும் நம்புகிறவர்கள் பென்ஷன்காரரும், விதவையும், கிராமத்து விவசாயியும், தகவல் கேட்டு மனுப் போடுகிறவனுந்தான். வலையில் விழப் போகிற மீன்கள் இவைதாம்.

இதே மாதிரி அதிகாரத்தை 1986-லும் ஒரு சர்க்கார் கேட்டது. ராஜீவ் காந்தி காலத்தில் இரண்டு சபைகளும் தபால் திருத்த மசோதாவை நிறைவேற்றி அனுப்பின. ஜனாதிபதி ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. 1987 ஜூலையில் பதவி முடியும் வரை மேஜையிலேயே வைத்திருந்தார். பிரதமரிடம் அவருக்கு இருந்த மனஸ்தாபமும் அதில் சேர்ந்திருக்கலாம். இருந்தால் என்ன, நமக்கு நல்லதுதானே நடந்தது! அடுத்து வந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். தொழிலாளர் வழக்குகளை நடத்திய வக்கீல், ரயில்வேக்காரர்கள் உட்படப் பல சங்கங்களோடு பழகியவர். 1990-ல் அவர் மசோதாவை மறுபரிசீலனைக்காகத் திருப்பி அனுப்பினார். 2002-ல் வாஜ்பாய் சர்க்கார் அதை வாபஸ் பெற்றது. 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். இவ்வளவும் நடந்த பிறகு 2023-ல், 1986-ல் செல்லாத காசு செல்லிவிட்டது.

பாதுகாப்புகளை விதிகளில் எழுதிக்கொள்ளலாமே என்று கேட்கிறார்கள். விதியை எழுதுவது சர்க்கார், அதை மாற்றுவதும் சர்க்கார். பார்லிமெண்ட் கொடுத்த அதிகாரத்துக்குப் பார்லிமெண்டே கரை கட்ட வேண்டும். பிரிக்கலாம் என்பவர் இன்ன பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். காரணத்தை எழுத வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் அதைப் பரிசீலிக்க வேண்டும். உத்தரவின்றிப் பிரித்தவனுக்கு ஜெயில் என்ற பழைய பிரிவு திரும்பி வர வேண்டும். "வேறு எந்தச் சட்டமும்" என்ற சொற்களை அடித்துவிட வேண்டும். இதற்காக அயல்நாட்டு அறிஞர்களை வரவழைத்துக் கமிஷன் வைக்க வேண்டியதில்லை. காரணத்தை எழுதச் சொல்லும் வாக்கியம் 44-வது சட்டத்தில் இருக்கிறது, மாஜிஸ்டிரேட் 46-வது சட்டத்தில் இருக்கிறார். இரண்டையும் 43-வது சட்டத்துக்குப் பெயர்த்து எழுத ஒரு குமாஸ்தாவுக்கு அரை மணி நேரம் போதும்.